சிலுவையின் செட்டு பாடவில்லை

பச்சை விளக்கு எரிந்தது. பாட்டுச் செட்டின் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு ஊசிகளும் பாட்டுக்குத் தக்கபடி துள்ளின. சத்தம் மட்டும் வரவில்லை.

ரீனா வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருகினாள். பிறகு பாதி. பிறகு முழுசாக. ஊசிகள் சிவப்புக் கோடு வரைக்கும் போய் முட்டிவிட்டு வந்தனவே தவிர, இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டும் வாயைத் திறக்கவில்லை.

“இன்னைக்குன்னு பாத்தா ஒனக்குக் கேடு வரணும்?” என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

நாளைக் காலை அவள் புருசன் சிலுவை கரை இறங்குகிறான். வீட்டுக்குள் வந்ததும் கால் உப்பைக்கூடக் கழுவாமல் நேரே செட்டுக்குத்தான் போவான். பொத்தானை அமுக்கி, பாட்டு தெருமுனை வரைக்கும் எட்டிய பிறகுதான் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான். சரக்குத் தோணியில் வேலை பார்த்த காலத்தில் கொழும்பில் வாங்கி, சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஜப்பான் ஆம்ப் அது. ‘எனக்கு முந்தி வந்த மூத்தாளு’ என்று ரீனா அதற்குப் பட்டம் வைத்திருந்தாள்.

“ஆமா, அவ ஒன்ன மாதிரி எதுத்துப் பேசமாட்டா” என்பான் சிலுவை.

இப்போது மூத்தாள் யாரிடமுமே பேசவில்லை.

தருவைகுளத்து மீன்பிடிப் போட்டு ஆழ்கடலுக்குப் போனால் லேசில் கரை திரும்பாது. சொன்ன நாளுக்கு முந்தித் திரும்பினால் காரணம் இரண்டுதான். ஐஸ் அறை நிறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் போட்டில் ஏதோ ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் முந்தாநாள் கொழுந்தன் ஜெரால்டு வந்து, ‘போட்டு திரும்பிட்டு மைனி’ என்றபோது அவள் பதறிக் கேட்டாள்.

“ஏன் இம்புட்டு சீக்கிரம்? இன்ஜின் கோளாறா? யாருக்கும் எதுவுமா?”

“மீனு மைனி. ஏகப்பட்ட மீனு. ஐஸ்ல எடமில்லயாம்.”

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதா படத்திடம் சொன்னான். அது அப்போதே உறுத்தியது. ஆனால் நல்ல சேதி கொண்டுவந்தவனை நிறுத்திவைத்துக் குறுக்கு விசாரணை பண்ண அவளுக்கு மனசில்லை. வயிற்றில் ஏழு மாதம். போன தடவை பாதியிலேயே பறிகொடுத்த பிள்ளையை நினைத்தால் இப்போதும் மூச்சடைக்கும். ‘பிரஷர் ஏறப்படாது, அதிர்ச்சி ஆகாது’ என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நம்புவதுதான் உடம்புக்கு நல்லது. நம்பினாள்.

வீட்டில் இப்போது அவள் மட்டும்தான். சிலுவையின் அம்மா, மாமி எமில்டா, கோயிலுக்குப் போயிருந்தாள். ஜெரால்டு பைக்கை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தான். ரீனாவின் செல்லையும் அவன்தான் வைத்திருந்தான். எத்தனையோ மாதமாகக் கீறலோடு கிடந்த கண்ணாடியை மாற்றித் தருகிறேன் என்று திடீரென்று ஒரு அக்கறை. டிவியிலும் கேபிள் வரவில்லை. ‘வலி கிலி எடுத்தா ஜெரால்டுக்கு அடி’ என்று மாமி தன் பட்டன் போனைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஆம்ப்பின் நெற்றியில் ஒரு பழைய ஸ்டிக்கர். ‘செந்தூர்வேல் சவுண்ட் சர்வீஸ், தூத்துக்குடி.’ கீழே நம்பர். அடித்தாள்.

“அண்ணாச்சி, தருவைகுளம் சிலுவை வீட்ல இருந்து பேசுதேன். செட்டு பாடல.”

“எந்தச் சிலுவை? ஒங்க ஊர்ல கண்ண மூடிக்கிட்டு கல்லெறிஞ்சா ஏதாவது ஒரு சிலுவை மண்டையிலதான் விழும்.”

“கொழும்பு ஆம்ப்பு சிலுவை.”

“அட, நம்ம ஆளு! அது ஆம்ப்பு இல்ல தங்கச்சி, யான. லேசுல சாகாது. ஒங்க மாமனார் தவறி வருசம் திரும்பினதும் நாந்தான வந்து மறுபடி கனெக்சன் குடுத்தேன்? அன்னைக்கு ஒங்க மாமி போட்ட கறிச்சோறு இன்னும் நாக்குல நிக்கி. சரி சொல்லு, லைட்டு எரியுதா?”

“எரியுது.”

“ஊசி ஆடுதா?”

“ஆடுது.”

“அப்ப உயிரு இருக்கு. பயப்படாத. கரண்டு லோவா இருக்கான்னு பாப்போம். எதுத்த வீட்ல செட்டு பாடுதா?”

ரீனா வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டு ஆக்னஸ் அக்கா படியில் உட்கார்ந்து சாளை மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை. ஆக்னஸ் அக்கா மகன் போடும் பாட்டில் மற்ற சனிக்கிழமைகளில் இந்தத் தெருவில் சன்னல் கம்பி அதிரும்.

“அக்கா, ஒங்க வீட்ல கரண்டு எப்டி இருக்கு? எங்க செட்டு பாடமாட்டேங்கு.”

ஆக்னஸ் அக்காவின் கத்தி நின்றது. “செட்டா? நீ எதுக்குளா இப்ப செட்டு...” என்று ஆரம்பித்தவள் பாதியில் முழுங்கினாள். “கரண்டு இருக்கு. நல்லாத்தான் இருக்கு. நீ வெயில்ல நிக்காத, உள்ள போ.” மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். பாதி மீனில் இன்னும் செதில் இருந்தது.

“அங்கன கரண்டு நல்லா இருக்காம் அண்ணாச்சி.”

“சரி. ஏ, பி-ன்னு எழுதி ஒரு குமிழ் இருக்கும். ஸ்பீக்கர் மாத்துறது. அது எதுல நிக்கி?”

“ஏ-ல.”

“பி-க்குத் திருப்பி மறுபடி ஏ-க்குக் கொண்டா. இங்கிட்டும் அங்கிட்டும் நல்லாத் திருவு. கடக்கரை வீடுல்லா, உள்ள உப்புப் பூத்துரும்.”

திருகினாள். கை வலிக்கத் திருகினாள். ஊசிகள் ஆடின. அவ்வளவுதான்.

“ஹெட்போன் இருக்கா? சொருகிப் பாரு.”

சிலுவையின் ஹெட்போன் இழுப்பறையில் இருந்தது. காதில் வைத்ததும் அவன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம் வந்தது. சொருகினாள். வந்தது பாட்டு, கணீரென்று, காதுக்குள் ஆள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. வாய் தானாகச் சிரித்தது.

“கேக்கு அண்ணாச்சி! நல்லாக் கேக்கு!”

“அப்ப ஆம்ப்பு மேல குத்தமில்ல. ஹெட்போன உருவிரு, அது கெடந்தா ஸ்பீக்கரு பாடாது. இனி ஸ்பீக்கர விசாரிப்போம். டிவி ரிமோட்ல இருந்து ஒரு செல்லக் கழத்து. ஸ்பீக்கருக்குப் பின்னாடி ஒயரு மாட்டுத எடம் ரெண்டு இருக்குல்லா, ஒரு துண்டு ஒயர வச்சு அந்தச் செல்லத் தொட்டுத் தொட்டு எடு.”

ரீனா தரையில் மெல்ல உட்கார்ந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தொட்டாள்.

டொப்.

மறுபடி தொட்டாள். டொப். அடுத்த ஸ்பீக்கர். டொப்.

“தும்முதா?”

“ரெண்டும் தும்முது அண்ணாச்சி.”

“பாத்தியா! ரெண்டு பேரும் யோக்கியன். அப்ப திருடன் நடுவுல இருக்கான். ஆம்ப்புக்குப் பின்னாடி ஒயரு கழண்டிருக்கும். ஆனா நீ அத நகட்டப்படாது. வயித்துப்புள்ளக்காரின்னு சிலுவை போன தடவ கடைக்கு வந்தப்ப வாயெல்லாம் பல்லாச் சொல்லிட்டுப் போனான். மூஞ்சி பாக்குத கண்ணாடி இருக்குமே, அத பக்கவாட்டுல விட்டு டார்ச் அடிச்சுப் பாரு.”

போனிலேயே டார்ச் இருந்தது. பேச்சை போன் ஸ்பீக்கரில் போட்டு, வெளிச்சத்தை ஆம்ப் இருந்த மரத்தட்டுக்குள் விட்டு, கண்ணாடியைச் சாய்த்தாள்.

முதலில் தெரிந்தது தூசி. தூசியில் நான்கு வட்டம். ஆம்ப்பின் ரப்பர் கால்கள் பல நாளாக ஊன்றி நின்ற தடம். கால்கள் இப்போது அந்த வட்டத்தில் இல்லை. ஒரு விரற்கடை தள்ளி நின்றன. யாரோ இதை வெளியே இழுத்துத் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

ஒயர்கள் மாட்டும் இடம் காலியாக இருந்தது. நான்கு நுனியையும் ஒன்றாகச் சேர்த்து, வளையமாகச் சுற்றி, கறுப்பு நாடாவால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. வலை பின்னுகிறவர்கள் போடும் முடிச்சு.

கண்ணாடியை மெல்லத் தரையில் வைத்தாள்.

“என்னமா தெரியுது? எலி கடிச்சிருக்கா?”

“இல்ல. எல்லா ஒயரையும் சேத்துச் சுத்திருக்கு. கறுப்பு நாடா கட்டிருக்கு அண்ணாச்சி.”

போனுக்கு அந்தப் பக்கம் கடையில் ஏதோ ஒரு பெட்டி சோதனைக்காகப் பாடிக்கொண்டிருந்தது. ‘ஏலே, அத அமத்து’ என்று செந்தூர்வேல் யாரையோ அதட்டுவது கேட்டது. பாட்டு நின்றது.

“தங்கச்சி, வீட்ல வேற யாரு இருக்கா?”

“யாருமில்ல.”

“நீ ஒக்காரு. அதத் தொடாத. நான் வண்டிய எடுத்துட்டு வாரேன்.”

“ஒயரு மாட்டத்தான அண்ணாச்சி? அதுக்கா அம்புட்டு தூரத்துல இருந்து வாரிய?”

“எதுத்த வீட்டுப் பிள்ளையக் கூப்பிட்டுப் பக்கத்துல வச்சுக்கோம்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ரீனாவுக்கு அந்த நாடா தெரியும். மாமனார் செத்த அன்று இதே கூடத்தில் நின்று பார்த்திருக்கிறாள். துக்க வீட்டில் வருசம் திரும்பும்வரை பாட்டுப் பெட்டி சத்தம் போடக் கூடாது. அணைத்து வைத்தால் போதாது, சின்னப் பிள்ளைகள் தெரியாமல் அமுக்கிவிடும். அதனால் ஒயரையே உருவிச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அன்று ஆம்ப்பை இழுத்துக் கொடுத்தது சிலுவை. நாடாவைக் கட்டியது மாமி. தூரத்துச் சொந்தம் செத்தால் மூன்று நாள் போடாமல் இருப்பதோடு சரி. நாடா கட்டினால் செத்தது அந்த வீட்டு ஆள்.

போன சனிக்கிழமை இந்தச் செட்டு பாடியது. அவளேதான் போட்டாள்.

வீட்டில் நாலு பேர். மாமி காலையில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஜெரால்டு கண்ணெதிரே பைக்கை எடுத்துக்கொண்டு போனான். இவள் மூச்சு விடுகிறாள். வயிற்றில் கை வைத்தாள். உள்ளே இருப்பது உதைத்தது.

மிச்சம் ஒரே ஒரு ஆள்.

‘இல்லை’ என்று உரக்கச் சொன்னாள். மாமிக்கு வயசாகிவிட்டது, ஏதோ நினைப்பில் கட்டியிருப்பாள். கோயிலில் ஏதாவது நேர்ந்திருப்பாள். செல்லை வாங்கிக்கொண்டு போன ஜெரால்டு, வராத கேபிள், பாதி மீனோடு எழுந்து ஓடிய ஆக்னஸ் அக்கா. ஒன்றை மறுத்தால் இன்னொன்று வந்து முன்னால் நின்றது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு நாளை விடியும்வரை உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

சுவிட்சை அணைத்தாள். தோளைக் கொடுத்து ஆம்ப்பை அரைவட்டம் திருப்பினாள். டாக்டரம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. வந்துவிட்டுப் போனது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, சிவப்புக்குச் சிவப்பும் கறுப்புக்குக் கறுப்புமாக நான்கு நுனியையும் மாட்டி இறுக்கினாள். நாடாவை மேசை மேல் எடுத்து வைத்தாள், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும்படியாக.

வெளியே செருப்புச் சத்தம். குடையை மடக்கிக்கொண்டு எமில்டா வந்தாள்.

“ஏளா, ஒரு எடத்துல சும்மா இருக்கமாட்டியா? என்னத்தப் போட்டு உருட்டிக்கிட்டு...”

நாடாவைப் பார்த்தாள். வார்த்தை அறுந்தது.

“எலி இழுத்துப் போட்டுட்டு மாமி” என்றாள் ரீனா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “மாட்டிட்டேன். அவிய வந்ததும் மொதல்ல இதத்தான கேப்பாவ?”

“ஆமா. கேப்பான்.”

“நாளைக்கு வாராவதான?”

“வாரான்.” எமில்டா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “விடியல்ல வந்துருவான்.”

“அப்ப ஒரு பாட்டு போட்டுப் பாத்துருதேன்.”

எமில்டா குடையைக் கையிடுக்கில் இறுக்கிக்கொண்டாள். “போடு” என்றாள்.

ரீனா சுவிட்சைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய இரைச்சல், யாரோ பேச வாயெடுக்கிற மாதிரி. விரலைப் பொத்தான் மேல் வைத்தாள். செட்டைப் பார்க்கவில்லை. மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘சிரிங்க மாமி. பைத்தியக்காரின்னு திட்டுங்க. நானும் நம்பிருதேன்.’

விரலை அழுத்தப் போனாள்.

குடை கீழே விழுந்தது. எமில்டா பாய்ந்து வந்து அவள் கையை அப்படியே கவ்விப் பிடித்தாள். இரும்புப் பிடி.

“வேண்டாம்ளா.”

“ஏன் மாமி?”

“தெரு கேக்கும்ளா.”

அப்போதுதான் ரீனாவுக்குத் தெருவின் மௌனம் கேட்டது. எந்த வீட்டிலும் பாட்டு இல்லை. அவள் ஒருத்தியைத் தவிர இந்தத் தெரு முழுக்கத் துக்கம் அனுசரித்துக்கொண்டிருக்கிறது.

“எங்கன இருக்காவ?”

“போட்டுலதான்.”

“போட்டுல எங்கன?”

எமில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐஸில் இடமில்லை என்று ஜெரால்டு மாதா படத்திடம் சொன்னது ரீனாவின் காதில் திரும்ப ஓடியது.

தரையில் உட்கார்ந்தாள். விழவில்லை, சுவரைப் பிடித்து, வயிற்றைப் பிடித்து, நிதானமாக உட்கார்ந்தாள். எமில்டா பக்கத்தில் சரிந்து, துண்டு துண்டாகச் சொன்னாள். வலை இறக்கும்போது கயிறு காலில் சுற்றிவிட்டது. இன்ஜினை நிறுத்துவதற்குள் வலையோடு போய்விட்டான். இழுத்து ஏற்றும்போது மீனுக்கு நடுவில் கிடந்தான். இன்னொரு போட்டுக்காரன் மூலம் சேதி வந்தது.

“போன தடவ மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான்... கரைக்கு வந்தபெறவு டாக்டரப் பக்கத்துல வச்சுக்கிட்டு சொல்லுவோம்னு பங்குச் சாமியார்தான் சொன்னாரு. அவன் பிள்ளையாவது எனக்கு மிஞ்சட்டும்னு நெனச்சேன்ளா.”

“மறைக்கணும்னு நெனச்சவிய நாடாவ ஏன் கட்டினிய?”

எமில்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்தச் சில நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர்.

“நீ சனிக்கிழமைன்னா பாட்டு போடுவ. எனக்குத் தெரியும். வாயால பொய் சொல்லிட்டேன். ஒனக்குச் சிரிச்சுக் காட்டிட்டேன். காப்பிக்கு சீனி போதுமான்னு கேட்டேன். எல்லாம் முடிஞ்சுது. ஆனா எம் மவன் ஐஸ்ல கெடக்கும்போது இந்த வீட்ல பாட்டு கேக்க எனக்கு முடியாதுளா. ஜெரால்டு வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் கேக்கல.”

அதற்குப் பிறகு எமில்டாவிடமிருந்து வந்தது பேச்சில்லை. முந்தானையை வாயில் திணித்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அதைக் கேட்டதும் எதிர்வீட்டில் ஆக்னஸ் அக்கா குரல் எழும்பியது. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பூட்டி வைத்திருந்த தெரு மொத்தமும் திறந்துகொண்டது.

ரீனா மட்டும் அழவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். உதை வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. மறுபடி பார்த்தாள். வந்தது.

“நாளைக்கு அவியள எறக்கும்போது நான் கரையில நிப்பேன். ஆரும் தடுக்கப்படாது” என்றாள்.

எமில்டா தலையை ஆட்டினாள்.

பட்டன் போன் அடித்தது. செந்தூர்வேல். பின்னால் பஸ் ஹாரனும் வண்டிச் சத்தமும்.

“தங்கச்சி, நான் பாதி வழி வந்துட்டேன். நீ ஒண்ணும் யோசிக்காத, அது வேற எதாவது...”

“அண்ணாச்சி” என்றாள் ரீனா. “செட்டுல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க நாளைக்கு வாங்க. அவியளப் பாக்க.”

வைத்துவிட்டு எழுந்தாள். சுவிட்சை அணைத்தாள். பச்சை விளக்கு செத்தது. மாட்டிய ஒயர்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி உருவினாள். நான்கு நுனியையும் சேர்த்து வளையமாகச் சுற்றி, மேசையிலிருந்து நாடாவை எடுத்து வைத்துக் கட்டப் பார்த்தாள். வலை முடிச்சு அவளுக்கு வராது. இரண்டு தரம் போட்டாள், இரண்டு தரமும் நழுவியது.

எமில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். ரீனா வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் முடிச்சைப் போட்டாள்.